‘குழந்தையைக் காணோம்’ என்று ஒரு ஃபார்வேர்டு வந்தால்…

ராத்திரி பத்தரைக்கு அபார்ட்மென்ட் குரூப்பில் ஒரு குழந்தையின் போட்டோ வந்து விழுகிறது. ‘காலையிலிருந்து காணவில்லை, பெற்றோர் கதறுகிறார்கள், உங்களிடம் இருக்கும் எல்லா குரூப்புக்கும் உடனே அனுப்புங்கள்.’ பிள்ளை பெற்றவளுக்குக் கை சும்மா இருக்காது, தெரியும். இருந்தாலும் தங்கச்சி, அனுப்பும் முன் ஒரு நிமிடம் அக்கா சொல்வதைக் கேள்.

முதலில் தேதியைத் தேடு. ‘இன்று காலை’ என்பது தேதி இல்லை. அது போன வருஷத்து இன்றாகவும் இருக்கலாம். அடுத்து ஊர், காவல் நிலையம், தொடர்பு எண். இந்த நான்கும் இல்லாத செய்தியை நான் தொடுவதில்லை. எண் இருந்தால் கூப்பிட்டுப் பேசிவிடு. பகிர்வதற்கு முன் பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அதுதான் வேடிக்கை. எண் போகவில்லையா? போட்டோவை கூகுள் லென்ஸில் போட்டுப் பார். பழைய செய்தி என்றால் பெரும்பாலும் அங்கேயே பல்லிளித்துவிடும். அந்த மாவட்டக் காவல்துறையின் முகநூல், எக்ஸ் பக்கத்தில் அதே அறிவிப்பு இருந்தால் அதையே பகிர். உன் சித்தப்பா டைப் செய்து சேர்த்த நான்கு வரி அதில் வேண்டாம்.

கிடைத்துவிட்ட பிள்ளையின் படம் வருடக்கணக்கில் சுற்றுவதால் இரண்டு கெடுதல். அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போன பிறகும் ‘காணாமல் போன பிள்ளை’யாகவே இருக்கும். நிஜமாகவே இன்று காணாமல் போன இன்னொரு பிள்ளையின் படம் அந்தக் குப்பைக்குள் மறைந்து போகும்.

போட்டோவையாவது சரிபார்த்துக்கொள்ளலாம். ‘பிள்ளை பிடிக்கிற கும்பல் நம்ம ஏரியாவில் இறங்கியிருக்கு’ என்று வரும் வீடியோவும் குரல் பதிவும் வேறு ரகம். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2018-ல் இந்தியா முழுக்க ஒரு வீடியோ சுற்றியது. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். பைக்கில் வரும் இருவர் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பார்த்தவர்களுக்கு ஈரக்குலை நடுங்கியது. நிஜத்தில் அது பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அதே பைக் திரும்பி வந்து பையனை இறக்கிவிடும், ஒரு அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள், கராச்சியில் ஒரு பிள்ளையைத் தூக்கிப் போக ஒரு கணம் போதும் என்று. யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருஷம் நம் ஊரிலும் இதே காய்ச்சல்தான். வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது என்று வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் கொதித்துக்கொண்டிருந்தது. மே மாதம் சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருவர், மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களோடு, குலதெய்வக் கோயிலுக்காக திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் காரில் போனார். அத்திமூர் அருகே வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே விளையாடிய பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். கோயிலுக்குப் போகும் வழியில் எந்தப் பாட்டியும் செய்கிற காரியம். அதைப் பார்த்து ஒருவர் சந்தேகப்பட்டார், போன் பறந்தது, கூட்டம் கூடிவிட்டது. காரைக் கவிழ்த்தார்கள். அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். கூட வந்தவர்கள் படுகாயத்தோடு தப்பினார்கள். அதே சமயத்தில் பழவேற்காட்டில், மனநலம் சரியில்லாமல் சுற்றித் திரிந்த ஒருவரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேரை இதே வதந்தியால் அடித்துக் கொன்றார்கள். அந்த மாதம்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு அறிவித்தது. வதந்தி அதோடு ஓய்ந்ததா என்றால் இல்லை. 2024 தொடக்கத்தில் மறுபடி கிளம்பி, நம்பாதீர்கள் என்று சென்னை போலீஸ் அறிவிக்க வேண்டி வந்தது.

அத்திமூரில் கை வைத்தவர்கள் பிடிபட்டார்கள். அந்த மெசேஜை ஃபார்வேர்டு செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

அதனால் ஆள் யார் என்று சந்தேகம் வந்தால் அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடு. வீடியோ எடுக்காதே, குரூப்பில் போடாதே, ‘ஏய் யாரு நீ’ என்று நாலு பேரைக் கூட்டாதே. உன் கண்ணெதிரே கூட்டம் ஒருவரைச் சூழ்ந்துவிட்டது என்றால் அப்போதும் 112தான். பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி, போலீஸ் வரும்வரை அந்த ஆளைக் கடைக்குள் உட்கார வைக்க முடியுமா பார். மொழி தெரியாதவர், அழுக்குச் சட்டைக்காரர், மனநலம் சரியில்லாதவர், பிச்சை எடுக்கும் பாட்டி – மாட்டிக்கொள்வது எப்போதும் இவர்கள்தான்.

இனி டி.வி. பக்கம் வருவோம். குழந்தையைக் காணோம் என்றால் நம் வீட்டு ஹாலில் முதலில் எழும் கேள்வி என்ன? ‘அம்மாக்காரி எங்க போனா?’ அப்பாவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அடுத்தது, ‘பிள்ளையைக் காணோம்கிறா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாரு.’ இந்த இரண்டாவது வாக்கியத்தை உன் வாயிலிருந்து வரவே விடாதே. காரணம் சொல்கிறேன்.

1980 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை அருகே ஒரு குடும்பம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தது. இரவில் ஒன்பது வாரக் கைக்குழந்தை அசாரியாவைக் காணவில்லை. டிங்கோ என்கிற காட்டுநாய் தூக்கிப் போய்விட்டது என்றார் தாய் லிண்டி சேம்பர்லெய்ன். முதல் விசாரணை அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் டி.வி. பார்த்த ஜனம் ஏற்கவில்லை. கேமரா முன்னால் அவர் போதுமான அளவு அழவில்லையாம். குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டு வைத்திருந்தாராம். குடும்பம் சேர்ந்திருந்த கிறிஸ்தவப் பிரிவைப் பற்றி நரபலிக் கதைகூடக் கட்டினார்கள். வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. காரில் ரத்தம் இருந்தது என்று நிபுணர்கள் சொன்னார்கள். 1982-ல் ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி, சிறைக்காவலில் பெற்ற பெண்ணையும் பிரிய வேண்டியிருந்தது. 1986-ல் குழந்தையின் மேல்சட்டை பாறையடியில், டிங்கோக்கள் நடமாடும் இடத்தருகே தற்செயலாகக் கிடைத்த பிறகுதான் அவரை விட்டார்கள். காரில் ரத்தம் என்றார்களே, அதில் பெரும்பகுதி கார் கம்பெனியில் சத்தம் வராமலிருக்க அடிக்கும் பூச்சு. 1988-ல் தண்டனை ரத்தானது. குழந்தையைக் கொன்றது டிங்கோதான் என்று அரசுப் பதிவேட்டில் ஏற 2012 வரை ஆனது. முப்பத்திரண்டு வருஷம்.

ஒருத்திக்குத் துக்கம் தொண்டையை அடைக்கும், ஒருத்திக்கு மரத்துப்போகும். அதைப் பார்த்துத் தீர்ப்பு எழுத நமக்கு என்ன தகுதி இருக்கிறது? வீட்டில் வயதானவர்கள் அப்படிப் பேச ஆரம்பித்தால் சண்டை போடாதே. ‘அத்தை, போலீஸ் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்’ என்று சொல்லி ரிமோட்டை எடுத்துக்கொள்.

ரிமோட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க நேரலை வேண்டாம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுப் பிள்ளைக்காகத் தமிழ்நாடே டி.வி. முன்னால் கிடந்தது நினைவிருக்கும். அது காணாமல் போன வழக்கு இல்லை. ஆனால் நாம் பார்த்த விதம் அதேதான். நிமிஷத்துக்கு நிமிஷம் ‘பிரேக்கிங்’, புதிதாக ஒன்றும் இல்லாதபோதும். அந்த நேரலையில் பெற்றோர் மூழ்கியிருந்த சமயத்தில், தூத்துக்குடியில் ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்ததாகச் செய்தி வந்தது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்கு எந்த வீட்டிலும் நடந்திருக்கலாம். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை செய்தி பார்த்தால் போதும். வீட்டில் ஐந்தாறு வயதுப் பிள்ளை இருந்தால் அதுவும் வேண்டாம். மறுபடி மறுபடி ஓடும் அதே காட்சி, ஒவ்வொரு முறையும் புதிதாக நடப்பதாக அதற்குத் தோன்றும்.

டி.வி.யில் வராத பிள்ளைகளையும் மறக்காதே. நொய்டா பக்கத்தில் நிதாரி கிராமத்தில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது, பெற்றோர் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார்கள். ஒரு கேமராவும் வரவில்லை. 2006 டிசம்பரில் சாக்கடையிலிருந்து எலும்புகள் கிடைத்த பிறகுதான் சேனல்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். உன் தெருக்கோடியில் கட்டட வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளையைக் காணோம் என்றால், உன் ஒரு போன் அங்கேதான் அதிகம் உதவும்.

சரி, தெரிந்தவர் வீட்டிலேயே நடந்துவிட்டது. என்ன செய்வாய்? ‘24 மணி நேரம் பொறுத்துப் பாருங்க’ என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே, அப்படி ஒரு சட்டமே இல்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அதோடு திரும்பிவிடாதே. எங்கள் எல்லை இல்லை என்றாலும் வாங்கித்தான் ஆக வேண்டும், பதிந்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். நான்கு மாதத்துக்குள் பிள்ளை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதும் விதி.

பதினெட்டு முடியாத எல்லாருமே குழந்தைதான். பதினாறு வயதுப் பெண் என்றால் ‘யார் கூடவாவது போயிருப்பா, வந்துடுவா’ என்று ஸ்டேஷனிலும் சொல்வார்கள், சொந்தக்காரர்களும் சொல்வார்கள், மானம் போய்விடும் என்று புகாரே வேண்டாம் என்பார்கள். நாட்டில் காணாமல் போகும் பிள்ளைகளில் பெரும்பகுதி பெண்பிள்ளைகள். யாரோடு போயிருந்தாலும் தேடத்தான் வேண்டும்.

அம்மா ஸ்டேஷனில் இருக்கும்போது ஒருவர் வீட்டிலேயே இருக்கட்டும், பிள்ளை தானாகத் திரும்பி வரலாம். முதலில் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள்: கட்டிலடி, பீரோ, மொட்டைமாடி, நிறுத்தியிருக்கும் கார், தண்ணீர்த் தொட்டி. தெரு முனைக் கடையின் சி.சி.டி.வி. பதிவு அழியும் முன் பார்த்துவிடுங்கள். போட்டோ தரும்போது ஸ்டூடியோவில் பவுடர் போட்டு எடுத்தது வேண்டாம். போன வாரம் போனில் எடுத்த, முகம் நேராகத் தெரியும் படம் கொடு. அன்றைக்குப் போட்டிருந்த உடை, செருப்பின் நிறம், அங்க அடையாளம், திக்குமா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறதா என்று எழுதியே கொடு. குரூப்பில் போடும் அறிவிப்பை ஒருவரே தயாரிக்கட்டும். அதில் ஸ்டேஷன் எண்ணும், முடிந்தால் சித்தப்பா, மாமா எண்ணும் இருக்கட்டும், அம்மாவின் எண் வேண்டாம். பணம் கேட்டு மிரட்டுகிறவன், குறி சொல்கிறவன், சும்மா விளையாடுகிறவன் எல்லாரும் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். மைக்கைத் தூக்கிக்கொண்டு ஆள் வந்தால் குடும்பத்தில் திடமான ஒருவர் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு உள்ளே போய்விடட்டும். ‘இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கு’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் தனியாக அழும் பிள்ளையை நீ பார்த்தாய் என்று வை. படம் எடுத்து ‘யார் வீட்டுப் பிள்ளை’ என்று முகநூலில் போடாதே. அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சொந்தம் கொண்டாடி வருவார்கள். அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கூட நில். பூக்காரம்மா, டிக்கெட் கவுன்ட்டர் என்று இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ 112-க்கோ அழை. ரயில் நிலையம் என்றால் ரயில்வே போலீசிடம் ஒப்படை. உன் வண்டியில் ஏற்றிக்கொண்டு தேடக் கிளம்பாதே. நல்லெண்ணத்தோடு போனவர்களே பிள்ளை பிடிக்கிறவர் என்று மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, யாரும் செய்யாத வேலை ஒன்று. பிள்ளை கிடைத்ததும், நீ எந்தெந்த குரூப்பில் படத்தைப் போட்டாயோ அங்கெல்லாம் ‘கிடைத்துவிட்டது, படத்தை அழித்துவிடுங்கள்’ என்று போடு, உன் ஸ்டேட்டஸையும் எடுத்துவிடு. பிள்ளைக்கு ஏதாவது கொடுமை நடந்திருந்தால் பெயர், படம், பள்ளி, தெரு எதுவுமே வெளியே வரக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டத்திலும் தனியாகத் தண்டனை இருக்கிறது. பார்க்கப் போகும்போது பழமோ பிஸ்கட்டோ கொண்டு போ. எங்கே போனாய், யார் கூட்டிப்போனார் என்று பிள்ளையை உட்கார வைத்துக் கேட்காதே. கேட்க வேண்டியவர்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். பிள்ளையோடு கேரம் ஆடிவிட்டு வா.