வண்டி எவ்வளவு கொடுக்கும்?

அன்புள்ள குட்டிம்மா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய எக்செல் பட்டியலைப் பார்த்தேன். ஏழு கார்கள், பக்கத்தில் விலை, அதற்கும் பக்கத்தில் மைலேஜ். 24.8 கொடுக்கும் வண்டிக்கும் 22.4 கொடுக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூன்று வாரமாகத் தவிக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். 'பெரியப்பா, எது நிஜமாவே அதிகம் கொடுக்கும்?' என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறாய். முப்பது வருடம் பஸ் டெப்போவில் டீசல் கணக்குப் பார்த்தவனிடம் போய்க் கேட்டுவிட்டாய். இனி முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் டெப்போவில் டிரைவர்கள் டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்கும். டிரைவர் நம்பர், வண்டி நம்பர், நேற்றைய கே.எம்.பி.எல். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு டெப்போவில் அதுதான் பெயர். காலையில் டீ குடிப்பதற்கு முன்பே எல்லாரும் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள். ஒரே வருடம் வந்த, ஒரே இன்ஜின் உள்ள இரண்டு பஸ் எங்களிடம் இருந்தன. ஒன்று டவுன் பஸ், நாலரையைத் தாண்டாது. இன்னொன்று மதுரை ரூட், ஐந்துக்குக் குறையாது. ரூட்டை மாற்றி விட்டால் எண்களும் கூடவே இடம் மாறிவிடும். டிரைவர் மாறினால் அதே ரூட்டிலேயே கால், அரை என்று ஏறும், இறங்கும். ஒரு டிரைவர் இருந்தார். தூரத்தில் ஸ்டாப் கண்ணில் பட்டதுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக உருண்டுபோய், கடைசியில் ஒரு சின்ன பிரேக்கோடு நிற்கும். பலகையில் அவர் எண் வருடக்கணக்காக மேலேயே இருந்தது. மைலேஜில் வண்டிக்குப் பாதிப் பங்கு என்றால் மீதி ரோட்டுக்கும் காலுக்கும். உன் எக்செலில் அந்த மீதிக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அந்த 24.8 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1966-ல் தொடங்கியது. ஷோரூமில் 'ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ்' என்று சொல்வது அந்தப் பெயரை வைத்துத்தான். சோதனையில் கார் ரோட்டுக்கே வராது. ஓர் அறைக்குள் உருளைகள் மேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்துவார்கள். சக்கரம் சுற்றும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். அறையின் வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள். ஏ.சி. அணைத்திருக்கும். எதிரே திரையில் ஒரு கோடு ஓடும். அது காட்டும் வேகத்தில் ஓட்டுபவர் ஓட்ட வேண்டும். மொத்தம் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் பத்தரை கிலோமீட்டர் சொச்சம். உச்ச வேகம் 90. எரிபொருளை அளக்கும் விதம்தான் எனக்குப் பிடித்தது: டேங்கைப் பார்ப்பதே இல்லை. வெளியே வரும் புகையைப் பிடித்து, அதில் எத்தனை கார்பன் போயிருக்கிறது என்று பார்த்து, அத்தனை கார்பனுக்கு எத்தனை பெட்ரோல் எரிந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள்.

இதில் பொய் ஏதும் இல்லை, குட்டிம்மா. எல்லா வண்டியையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும் என்றால் இப்படி ஒரு தராசு தேவை. அந்தத் தராசில் மேடவாக்கம் இல்லை, அவ்வளவுதான்.

உன் கதைக்கு வருகிறேன். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு எட்டு கிலோமீட்டர், மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் நாற்பது நிமிடம் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் உன் சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். புனே உருளையின் சராசரி ஏறக்குறைய 32. உன் வண்டி பாதி நேரம் நின்றபடியே ஏ.சி. ஓட்டிக்கொண்டிருக்கும். நிற்கும் வண்டியின் மைலேஜ் சைபர். பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். சின்ன காரானாலும் ஏ.சி. போட்டு ஒரு மணி நேரம் நின்றால் அரை லிட்டருக்கு மேல் குடித்துவிடும். இதோடு, எட்டு கிலோமீட்டர் என்பது சின்னத் தூரம். காலையில் ஆறிக் கிடக்கும் இன்ஜின் சூடேறும்வரை கூடுதலாகக் குடிக்கும். அது நன்றாகச் சூடேறிக் கொஞ்ச நேரத்தில் நீ ஆபீஸ் பார்க்கிங்கில் சாவியைத் திருப்பிவிடுவாய்.

இந்த இடைவெளி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவில் 2001-ல் அறிவித்த கணக்கைவிட நிஜச் செலவு 9 சதவீதம்போல அதிகமாக இருந்தது. 2015-ல் அது 42 சதவீதம் ஆனது. கார் கம்பெனிகள் தேர்வுக்கென்றே படித்துத் தேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளேன். பிறகு 2017-ல் கடுமையான புதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும், கார்களுக்குள்ளேயே அளவுமானி வைத்து எடுத்த கணக்கில் பெட்ரோல், டீசல் வண்டிகள் அறிவித்ததைவிட 20 சதவீதம்போல அதிகம் குடிப்பது 2024-ல் தெரியவந்தது. அமெரிக்காக்காரர்கள் 2008 மாடலிலிருந்தே ஏ.சி., குளிர், வேகமான ஓட்டம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு ஸ்டிக்கரில் போடுகிறார்கள். அந்த ஊர் எண் பார்க்கச் சின்னதாக இருக்கும். ரோட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும்.

சரி, நிஜத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கார் திரையில் வரும் எண்ணை வைத்து அல்ல. என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கமான பங்க், வழக்கமான பம்பு. துப்பாக்கி தானாக 'டக்' என்று நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சைபர் ஆக்கினேன். 412 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே இடத்துக்குப் போனேன். 'டக்' என்றது. 'சார், ரவுண்டா போட்டுடவா?' என்றான் பையன். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ரவுண்டாகப் போட்டால் டேங்கின் கழுத்துவரை ஏறும், கணக்குக் கெடும். வேண்டாம் என்று சொல்லி பில் வாங்கினேன். 25.6 லிட்டர். 412-ஐ 25.6-ஆல் வகுத்தால் 16.1. கார் திரையில் அப்போது 17.8 ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஒரே டேங்கை வைத்துத் தீர்ப்பு எழுதாதே. மூன்று, நான்கு டேங்கைக் கூட்டிப் பார். துப்பாக்கி கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும் பிழை அதில் கரைந்துவிடும்.

இனி உன் எக்செலின் தலைப்பையே மாற்று. கிலோமீட்டரைக் கணக்கிடாதே, லிட்டரைக் கணக்கிடு. ஆபீசுக்குப் போய்வர 16 கிலோமீட்டர், வருடம் 240 நாள்: 3,840. திருச்சிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, போய்வர 640: அதுவும் 3,840. இரண்டையும் நாலாயிரம், நாலாயிரம் என்று வைத்துக்கொள். ஊருக்குள் 12, ஹைவேயில் 20 கொடுக்கும் என்றால் சராசரி 16 என்று நீ சொல்வாய். தப்பு. ஊருக்குள் 333 லிட்டர், ஹைவேயில் 200 லிட்டர், ஆக 533. எட்டாயிரத்தை 533-ஆல் வகு: 15. பெட்ரோலை அதிகம் தின்னும் பாதிதான் கணக்கை இழுக்கும்.

இப்போது உன் தூக்கத்தைக் கெடுத்த இரண்டு வண்டிகள். 24.8-க்காரன் உன்னிடம் 15 கொடுத்தால், அதே விகிதத்தில் 22.4-க்காரன் பதிமூன்றரை கொடுப்பான். வருடத்துக்கு 57 லிட்டர் வித்தியாசம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் ஐநூறுக்குள். ஐநூறு சும்மா வருகிற பணம் இல்லைதான். ஆனால் இரண்டாவது வண்டியில் உன் அப்பாவின் முட்டி வலிக்கு வசதியான உயரத்தில் சீட் இருக்கிறது என்று நீயே குறித்திருக்கிறாய். நான் என்றால் ஐநூறைக் கொடுத்துவிடுவேன்.

லிட்டரில் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 9 கொடுத்த வண்டியை விற்று 12 கொடுக்கும் வண்டி வாங்குகிறார் ஒருவர். 20 கொடுத்ததை விற்று 25 கொடுப்பது வாங்குகிறார் இன்னொருவர். யாருக்கு அதிக மிச்சம்? ஐந்து கூடியவருக்கு என்றுதான் மனசு சொல்லும். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு முதலாமவர் 222 லிட்டர் மிச்சம் பிடிக்கிறார். இரண்டாமவர் 80 மட்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-ல் 'சயன்ஸ்' இதழில் இந்த மயக்கத்தைப் பற்றியே எழுதினார்கள். டெப்போவில் எங்களுக்கும் தெரியும்: மோசமான பஸ்ஸைச் சரிசெய்தால் வரும் லாபம், நல்ல பஸ்ஸை மேலும் மெருகேற்றினால் வராது.

ஹைபிரிட் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் எந்த ஹைபிரிட் என்று கேள். பின்னால் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலே போதாது. சிலவற்றில் சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவே. அது மைல்டு. பேட்டரியிலேயே கொஞ்ச தூரம் ஓடக்கூடியது ஸ்ட்ராங் ஹைபிரிட். பிரேக் போடும்போது சூடாக வீணாகும் சக்தியை அது பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த நகர்வுக்குக் கொடுக்கும். அதனால்தான் நின்று நின்று போகும் ரோட்டில் அதற்குக் கொண்டாட்டம். 2022-ல் வந்த கிராண்ட் விட்டாராவில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 27.97, மைல்டு மேனுவலுக்கு 21.11 என்று அறிவித்தார்கள். வித்தியாசம் நிஜம்தான். உன் கணக்கில் போடுவோம்: ஊருக்குள் 20, ஹைவேயில் 21 என்றால் வருடத்துக்கு 390 லிட்டர். 143 லிட்டர் மிச்சம், பதினாலாயிரம் ரூபாய் சொச்சம். கூடுதல் விலை மூன்று லட்சம் என்று வைத்தால் அதை எடுக்க இருபது வருடத்துக்கு மேல் ஆகும். சென்னைக்குள் வருடம் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் டாக்ஸிக்காரருக்கு அதே மூன்று லட்சம் இரண்டேகால் வருடத்தில் திரும்பிவிடும். அவருக்குத் தங்கம், உனக்கு ஆடம்பரம்.

பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் மனதில் வை. இப்போது பங்கில் ஐந்து லிட்டர் போட்டால் அதில் ஒரு லிட்டர்வரை எத்தனால். பெட்ரோலோடு பார்த்தால் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகக் கலவையில் ஆறேழு சதவீதம் சக்தி குறைகிறது. அதற்கென்றே தயாரித்த இன்ஜின் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளும். பழைய இன்ஜினால் முடியாது. உன் அப்பா தன் பழைய காருக்காக மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதர் மேல் பாதித் தப்புகூட இல்லை என்று சொல்லி வை.

ஹைவேயைப் பற்றி ஒன்றே ஒன்று. திண்டிவனம் தாண்டி ரோடு விரிந்ததும் கால் தானாக அழுந்தும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்று தடுக்கும் விசை 56 சதவீதம் கூடுகிறது. மேலே கேரியர் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். டயரில் காற்றை மாதம் இருமுறை பார்.

'கண்டிப்பா இருபது கிடைக்கும் மேடம்' என்று சொல்லும் ஷோரூம் பையனிடம் கோபப்படாதே. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை மதியம் வைத்துக்கொள்ளாதே. வேலை நாள் காலை எட்டரைக்குக் கேள், மேடவாக்கம் ரோட்டிலேயே ஓட்டு. கிளம்பும்போது திரையின் சராசரியைச் சைபர் ஆக்கிவிடு. இரண்டு வண்டியையும் அதே நேரம், அதே ரோட்டில், ஏ.சி.யோடு ஓட்டிப் பார். திரை கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் உன் ரோட்டில் எது அதிகம் திணறுகிறது என்று தெரிந்துவிடும். ஆபீசில் அதே வண்டி வைத்திருப்பவர்களிடம் 'எவ்வளவு கொடுக்குது?' என்று மட்டும் கேட்காதே. எந்த ரோடு, ஏ.சி. உண்டா, பில் வைத்துப் போட்ட கணக்கா என்று கேள். மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பேர் சிரிப்பார்கள்.

எந்த வண்டி எடுத்தாலும் முதல் நான்கு டேங்க் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதே. பின்பக்கம் கிலோமீட்டரை எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வை. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, என் நோட்டில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

உன் பெரியப்பா,
திருச்சி