அலாரம் அடித்ததா, நின்றதா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது என்று பொருளாம். 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்குகள் அணைந்தனவாம். போதாக்குறைக்குப் பால்கூட 'கோ ஆஃப்' ஆகுமாம்! 'ஆஃப்' என்றால் நிற்பதுதானே? அவளுக்கு எப்படி விளக்குவது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: 'ஆஃப்' என்றதும் நமக்குச் சுவிட்ச்தான் நினைவுக்கு வருகிறது, குழப்பமே அங்கேதான். மின்சாரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆங்கிலத்தில் புழங்கிய சொல் அது. 'விலகி, அகன்று' என்பதே அதன் அடிப்படைப் பொருள். 'ஹி வென்ட் ஆஃப் டு சென்னை' என்றால், அவர் சென்னைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

இந்த 'விலகல்' பிடிபட்டால் மற்றவை வழிக்கு வரும். சாவி கொடுக்கும் பழைய அலாரக் கடிகாரத்தைப் பாருங்கள். குறித்த நேரத்தில் உள்ளே ஒரு தடை விலகும். முறுக்கி வைத்த சுருள்வில் விடுபட்டு மணியை அடிக்கும். துப்பாக்கியும் அப்படித்தான். ஆகவே அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் ஒலிக்கும். குண்டும் பட்டாசும் வெடிக்கும். விளக்கு, ஏசி என்றால் நின்றுபோகும். பால், மீன் என்றால் கெட்டுப்போகும். இது பிரிட்டிஷ் வழக்கு. 'ஐ ஹேவ் கான் ஆஃப் காஃபி' என்றால் காபி மேல் இருந்த ஆசை போய்விட்டது. 'தி ஃபங்ஷன் வென்ட் ஆஃப் வெல்' என்றால் விழா நல்லபடியாக நடந்தேறியது.

ஒரே வினை தொடங்குவதையும் நிற்பதையும் சொல்லுமா என்று மகள் கேட்டால், நம் 'விடு'வைக் காட்டுங்கள். மழை விட்டது என்றால் நின்றது. செடி துளிர் விட்டது என்றால் துளிர்க்கத் தொடங்கியது. நாம் குழம்புவதில்லை. எழுவாயே பொருளைச் சொல்லிவிடுகிறது.

இப்படி வினையோடு ஒட்டி வரும் சிறுசொற்கள்தாம் பிறமொழியாளருக்குப் பெரும் சிரமம் என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். ஆகவே உங்கள் மகள் கலங்க வேண்டாம்.

தேர்வில் மதிப்பெண் போகும் இடம் வேறு. 'கோ ஆஃப்' பெரும்பாலும் தானாக நிகழ்வதைச் சொல்லும். விளக்கை நாம் அணைத்தால் 'ஐ டர்ன்ட் ஆஃப் தி லைட்'. அலாரத்தை நிறுத்தினாலும் அதே 'டர்ன்ட் ஆஃப்'தான். ஒன்றை ஒலிக்கச் செய்வதற்கு 'செட் ஆஃப்': 'தி ஸ்மோக் செட் ஆஃப் தி அலாரம்', புகையால் அலாரம் அடித்தது.

பொருள்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அலாரம், விளக்கு, பால், விழா என்று ஒவ்வோர் எழுவாய்க்கும் ஒரு வாக்கியத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். அது போதும்.