குறும்படமும் அதன் சுவரொட்டியும்

1895ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28ஆம் நாள், பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்குப் பத்துப் படங்களைத் திரையிட்டனர். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற்கும் குறைவானது. அவற்றுள் ஒன்றில், தோட்டக்காரர் ஒருவர் குழாயைப் பிடித்துச் செடிகளுக்கு நீர் பாய்ச்சுகிறார். பின்னால் வரும் சிறுவன் குழாயை மிதிக்கிறான், நீர் நின்றுவிடுகிறது. என்ன ஆயிற்று என்று அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கும்போது சிறுவன் காலை எடுக்கிறான். நீர் அவர் முகத்தில் பீய்ச்சியடிக்கிறது. கதை ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால், அதில் ஒரு மனிதர், ஒரு வேலை, ஒரு தடங்கல், ஒரு திருப்பம் எல்லாம் இருக்கின்றன. குறும்படம் எடுக்க விரும்பும் மாணவர்களுக்கு இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது.

உயர்நிலை மூன்றில் பயிலும் மாணவர் மூவர் ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘சிங்கப்பூரில் தமிழர் வாழ்வு’ என்பதுதான் அவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கும் கருப்பொருள். அது ஐந்து நிமிடத்தில் அடங்காது. ஐம்பது நிமிடத்திலும் அடங்காது. பேசிப் பேசிக் களைத்த பிறகு, குழுவில் ஒருத்தி தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறாள். தேக்கா பஃபலோ சாலையில் பாட்டி பல ஆண்டுகளாகப் பூக்கட்டி விற்கிறார். இப்போது விரல் மூட்டுகளில் வலி. மாத இறுதியில் கடையை வேறொருவரிடம் ஒப்படைக்கப் போகிறார். படத்திற்குரிய மனிதரும் வேலையும் தடங்கலும் கிடைத்துவிடுகின்றன. கூடவே ஒரு நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. மாதம் முடிந்தால் அந்தக் காட்சியை மீண்டும் எடுக்க முடியாது.

திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது பொதுவான கணக்கு. மூவரும் எழுதிவந்தது பதினொரு பக்கம். அதைக் குறைப்பதற்குள் இரண்டு முறை சண்டை வருகிறது. இறுதியில் பாட்டி காலையில் கடை திறப்பது முதல் கடைசிச் சரத்தை முடிப்பது வரை, ஒரே நாள் என்று முடிவு செய்கிறார்கள். படத்தின் பெயர் ‘மொட்டு’. மல்லிகையை மலர்ந்த பின் கட்டுவதில்லை. மொட்டாக இருக்கும்போதே கட்டிவிட வேண்டும் என்று பாட்டி சொன்னதிலிருந்து அந்தப் பெயர் பிறக்கிறது.

படப்பிடிப்பில் மாணவர்கள் பெரும்பாலும் படத்தைப் பற்றியே கவலைப்படுவார்கள், ஒலியை மறந்துவிடுவார்கள். சற்று மங்கலான காட்சியைப் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால், பேச்சுக் கேட்காவிட்டால் சில நொடிகளிலேயே கவனம் சிதறிவிடும். இந்தக் குழுவுக்கும் அதுதான் நேர்கிறது. முதல் நாள் பதிவில் பேருந்துகளின் இரைச்சலும் அடுத்த கடை வானொலியின் பாடலும் பாட்டியின் குரலை விழுங்கிவிடுகின்றன. பின்னணியில் பாடல் ஒலித்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. காட்சியை வெட்டி ஒட்டும்போது பாடலும் நடுவில் துண்டாகித் தாவும். திரைப்படப் பாடலுக்குப் பதிப்புரிமை உள்ளதால், அனுமதியின்றிப் படத்தை விழாக்களுக்கு அனுப்புவதும் சிக்கலாகிவிடும். மறுநாள் கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டு வானொலியை நிறுத்தச் சொல்கிறார்கள். இரண்டாவது திறன்பேசியைப் பாட்டியின் அருகே பூக்கூடையில் வைத்து ஒலியை மட்டும் தனியே பதிவு செய்கிறார்கள். யாரும் பேசாத நேரத்தில் கடையின் இயல்பான சத்தத்தையும் அரை நிமிடம் பதிந்துகொள்கிறார்கள். படத்தொகுப்பில் இரண்டு காட்சிகளுக்கு இடையிலுள்ள ஒலி வெடிப்புகளைப் பூசி மறைக்க அது உதவும்.

தொகுப்பு வேலை இரண்டு வாரம் இழுக்கிறது. அதற்குள் பாட்டி கடையை ஒப்படைக்கும் நாளும் நெருங்கிவிடுகிறது. இனிச் சுவரொட்டி.

லூமியேர் சகோதரர்களின் அந்தத் தோட்டக்காரர் படத்திற்கு மார்சலின் ஓசோல் என்னும் ஓவியர் சுவரொட்டி வரைந்தார். திரைப்படக் காட்சி ஒன்றைக் காட்டிய முதல் சுவரொட்டியாக அது கருதப்படுகிறது. அதில் திரையில் நீர் பீய்ச்சியடிக்கிறது. திரைக்கு முன்னால் மக்கள் அமர்ந்து சிரிக்கிறார்கள். கதையின் திருப்பத்தையே அவர் காட்டிவிட்டார் என்று குறைசொல்லலாம். ஆயினும், உள்ளே வந்தால் என்ன கிடைக்கும் என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

நம் குழுவின் முதல் சுவரொட்டியில் பாட்டி கண்களைத் துடைக்கும் காட்சி இடம்பெறுகிறது. பேட்டியின்போது மறைந்த கணவரைப் பற்றிப் பேசுகையில் எடுத்தது அது. மாணவர்களுக்கு மிகவும் பிடித்த காட்சி. காணொளியிலிருந்து அதை அப்படியே எடுத்து ஏ3 தாளில் பெரிதாக்குகிறார்கள். முகம் மணல் தூவியதுபோல் சிதறிவிடுகிறது. காரணம் எளிது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட காணொளிச் சட்டத்தில் மொத்தம் இருப்பவை ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். ஏ3 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் தெளிவாக அச்சிட 1 கோடியே 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் தேவை. அதனால்தான் படப்பிடிப்பின்போதே சுவரொட்டிக்கெனத் தனியாக நிழற்படம் எடுத்து வைக்க வேண்டும்.

எழுத்திலும் கோளாறு. தமிழுக்கு ஏற்றதல்லாத மென்பொருளில் ‘மொ’ என்ற எழுத்தின் கொம்பு மகரத்திற்கு முன்னால் நில்லாமல் பின்னால் போய்விடுகிறது. ‘ட்’ என்பதன் புள்ளி எங்கோ மிதக்கிறது. தலைப்பே பிழையாக இருந்தால் படத்தை யார் நம்புவார்கள்? ஒருங்குறி எழுத்துருவையும் மென்பொருளையும் மாற்றியதும் அது சரியாகிறது.

பாட்டியிடம் காட்டுகிறார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்க்கிறார்.

“ஏம்மா, இதைப் பார்த்தால் நான் யாரிடமோ உதவி கேட்டு அழுவதுபோல் இருக்கிறதே? நான் உழைத்துச் சாப்பிட்டவள் அல்லவா?”

பேத்தியால் பதில் சொல்ல முடியவில்லை. அழுதது உண்மைதான். ஆனால், ஐந்து நிமிடப் படத்தில் அந்தக் கண்ணீருக்கு முன்னும் பின்னும் அவர் சிரிக்கிறார், விலை பேசுகிறார், வேலை செய்கிறார். சுவரொட்டியில் முன்னும் பின்னும் கிடையாது. படம் எடுக்கப் பாட்டி சம்மதித்தார் என்பதாலேயே எந்தக் காட்சியையும் எங்கும் ஒட்டலாம் என்று பொருளாகுமா? அன்று மாலை மூவரும் வாதிட்டது இதைப் பற்றித்தான். ஒருவன் மட்டும் கடைசிவரை பழைய படத்தையே வைக்கலாம் என்கிறான்.

அடுத்த வடிவத்தில் முகம் இல்லை. கரும்பச்சைப் பின்னணியில் மல்லிகை மொட்டுகளும் பாதி கட்டிய சரமும் அதைப் பிடித்த இரு கைகளும் மட்டுமே. தலைப்பு ஐந்தடி தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிகிறது. மாணவர்கள் நிம்மதியாக அதைக் கடைக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

“இது யார் கை?” என்கிறார் பாட்டி.

நேரம் போதாததால் பேத்தியே சரத்தைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டது உண்மை.

“நூல் இந்த விரலிலா சுற்றும்? இப்படிப் பிடித்தால் முடிச்சு நிற்காது. பூக்கட்டத் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு வாருங்கள். அதுவரை என் விரல்கள் இங்கேதான் இருக்கும்.”

மறுநாள் மூவரும் வந்துவிடுகிறார்கள். பழைய படத்திற்காக வாதாடியவன்தான் நிழற்படக் கருவியைப் பிடிக்கிறான். கடை ஒப்படைக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது.