மும்பைக்கு வரும் மருமகளுக்கு



அத்தை எழுதுவது. பாந்திரா குர்லா காம்ப்ளக்ஸில் உனக்கு வேலை கிடைத்ததை அண்ணன் போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதினிக்குத்தான் கவலை, பாஷை தெரியாத ஊரில் பிள்ளை என்ன செய்வாளோ என்று அழாத குறை. நீ பயப்பட இங்கே ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊருக்கு வருகிற நம் பிள்ளைகள் பலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன், அது என் மனசுக்கு ஒப்பவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வந்து இறங்கியதும் தங்களுக்கு ஒத்த ஆட்கள் இருக்கிற ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். மாட்டுங்காவில் வீடு எடுத்தால் மாட்டுங்காவோடு சரி. தாராவியில் பிறந்த பிள்ளைகூட, நல்ல வேலை கிடைத்து நவி மும்பைக்குப் போனபிறகு தாராவி என்ற பெயரை வாயில் எடுப்பதில்லை. மும்பைத் தமிழர் என்று மேடையில் எல்லாரும் பேசுகிறார்கள். அரை மணி நேர நடையில் இருக்கிற அடுத்த தமிழர் வீட்டுக்குள் போனதில்லை. நீ அப்படி இருக்கக் கூடாது, தாயி. தங்கப்போவது செம்பூரில் எங்களோடு. முதல் மாதத்துக்குள் மாட்டுங்கா, தாராவி இரண்டையும் உன் காலால் நடந்து பார்த்துவிடு.

மாட்டுங்காவுக்குப் போக செம்பூரில் ஹார்பர் லைன் ஏறி, வடாலாவில் மாறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கு. அகலமான சாலை, இருபுறமும் பெரிய மரங்கள், அளவெடுத்துக் கட்டிய மாதிரி மூன்று நான்கு மாடி வீடுகள். உண்மையிலேயே அளவெடுத்துக் கட்டியதுதான். 1896இல் இந்த ஊரில் பிளேக் பரவி ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தார்கள். நெருக்கடி குறைய வேண்டும் என்று 1898இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்து, தாதர், மாட்டுங்கா, வடாலாப் பக்கம் புது மனைகள் போட்டார்கள். ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் கணக்கு எழுதவும் டைப் அடிக்கவும் வந்த நம் பக்கத்துக்காரர்கள் அங்கே குடியேறினார்கள். கோயில் கட்டினார்கள், 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கிப் பள்ளியும் கல்லூரியும் கொண்டுவந்தார்கள். சண்முகானந்தா சபா 1952இல் பிறந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரும் அதன் அரங்கில் ஒரு கச்சேரியாவது நீ கேட்க வேண்டும். ஆஸ்திக சமாஜக் கோயிலில் சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைச் சந்துக்கு வா. மல்லிகை, கதம்பம், துளசி, வாழையிலை எல்லாம் கிடைக்கும். பக்கத்துக் கடைகளில் முருங்கைக்காய், வாழைப்பூ, சேனை, காப்பிப்பொடி என்று ஒன்று விடாமல் இருக்கும். பசித்தால் ராமநாயக்கில் ஏறு. 1942இலிருந்து இலை போட்டுச் சாப்பாடு போடுகிற இடம். கேட்டதையெல்லாம் போடுவார்கள், வீணாக்கினால் அவர்களுக்குப் பிடிக்காது.

அங்கிருந்து சயான் வழியாகத் தாராவிக்கு நடந்தே போகலாம். முதல் தடவை நான் கூட வருகிறேன். நான் வாழ்க்கைப்பட்டு வந்த இடம் தொண்ணூறு அடி ரோடு. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் இன்னும் அந்தச் சந்துகளில் இருக்கிறார்கள்.

மாட்டுங்காவுக்கு மனை அளந்த அதே காலத்தில் தாராவிக்கு வந்தது தோல் பதனிடும் தொழில். பாந்திராவில் இறைச்சிக்கூடம், நடுவில் மாகிம் கழிமுகம். நாற்றம் பிடித்த வேலையெல்லாம் ஊர் எல்லைக்கு வெளியே போகட்டும் என்று தள்ளிய இடம் அது. அந்த வேலையைச் செய்ய நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம்களும் ஆதி திராவிடர்களும் வந்தார்கள், பிறகு நாடார்கள் கடை வைக்க வந்தார்கள். கூலி வேலைக்கு வந்த ஆதி திராவிட மக்கள் தாங்களே சங்கம் வைத்து, பிள்ளையார் கோயில் கட்டிக்கொண்டார்கள். மாட்டுங்காவில் இருந்த பெருமையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்தச் சங்கத்தைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

தாராவியைப் பார்க்க வேண்டுமானால் விடிவதற்கு முன்னால் வா. மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று பெயர், ஆனால் இருப்பது தாராவிக்குள். அங்கே சந்துக்குச் சந்து இட்லி வேகும். பெண்கள் இரவே மாவாட்டி வைத்து, மூன்று நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பார்கள். கைக்கு எட்டாத உயரத்துக்கு அடுக்கிய தட்டுகள், நடக்க இடமில்லாத சந்தில் ஆவி, வெளியே சைக்கிளில் கட்டக் காத்திருக்கிற அலுமினியப் பாத்திரங்கள். தேங்காய்ச் சட்னி ஒரு தூக்கில், சாம்பார் இன்னொன்றில். வெளிச்சம் வரும்போது ஆண்கள் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு நகரம் முழுக்கக் கிளம்பிவிடுவார்கள். உன் ஆபீஸ் வாசலில் பத்து மணிக்கு நீ வாங்கித் தின்னப்போகிற இட்லி பெரும்பாலும் அங்கே வெந்ததாகத்தான் இருக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தாராவியைச் சுற்றிக் காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். உன் ஆபீஸிலும் யாராவது கூப்பிடுவார்கள். அந்தக் கூட்டத்தோடு போகாதே. அடுத்தவர் வாசலில் நின்று போட்டோ எடுக்காதே. தெரிந்தவர் வீட்டுக்குப் போ, திண்ணையில் உட்கார், கொடுக்கிற டீயைக் குடி, எந்த ஊர் அண்ணாச்சி என்று கேள். நாங்குநேரி என்பார், வள்ளியூர் என்பார், உன் தாத்தாவைத் தெரியும் என்றாலும் ஆச்சரியமில்லை.

சீக்கிரம் பார்த்துவிடு என்பதற்குக் காரணம் உண்டு. 2022 டெண்டரில் தாராவியைத் திருத்திக் கட்டும் வேலை அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்கிறார்கள். பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு எங்கோ. நல்ல வீடும் கக்கூஸும் வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. விடியற்காலை வரிசையில் நின்ற எனக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இட்லி அடுப்பை எந்த மாடியில் வைப்பது? தோல் பை தைக்கிற மிஷினை எங்கே போடுவது? வீட்டோடு சேர்ந்த தொழில் அது. உன் ஆபீஸ் இருக்கிற இடமோ, தாராவியிலிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து யாராவது தாராவியைப் பற்றி லேசாகப் பேசினால், உனக்குத் தெரிந்ததை அமைதியாகச் சொல்.

செம்பூரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, வீடே இங்குதான். பிரிவினையில் வந்த சிந்திக்காரர்கள், மராட்டியர்கள், மலையாளிகள், நாம் என்று எல்லாரும் கலந்த இடம். ஒரு பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இருப்பதால் சில நாள் ராத்திரி காற்றில் வாடை வரும், ஜன்னலைச் சாத்திக்கொள். செட்டா நகர் முருகன் கோயில் படி ஏறி நின்றால் மனசு லேசாகும்.

இனி ரயில். ஸ்லோ, ஃபாஸ்ட் என்று இண்டிகேட்டரில் பார்க்காமல் ஏறாதே. ஃபாஸ்ட் வண்டி சயானிலும் மாட்டுங்காவிலும் நிற்காது. லேடீஸ் பெட்டியில் ஏறியதும், உட்கார்ந்திருப்பவர்களிடம் எங்கே இறங்குவார்கள் என்று வரிசையாகக் கேள். முதலில் இறங்குகிறவரின் இடத்தைக் கேட்டு வைத்தால் அது உன்னுடையது, வேறு யாரும் தொட மாட்டார்கள். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முன்னாலேயே எழுந்து கதவுப் பக்கம் வரிசையில் சேர். குர்லாவில் இறங்குகிற கூட்டத்துக்கு எதிரே நின்றுவிடாதே. வாசலில் தொங்காதே, இதில் மட்டும் அத்தை பொல்லாதவள். குர்லாவிலிருந்து உன் ஆபீஸுக்குப் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. சயானுக்குத் தெற்கே ஆட்டோ போகாது, டாக்ஸிதான்.

மராத்தி கற்றுக்கொள். ஹிந்தியை வைத்தே சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். சமாளிக்கலாம், ஒட்ட முடியாது. 1966இல் சிவசேனை தொடங்கிய காலத்தில் தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று கோஷம் போட்டு ஓட்டல்களில் கல்லெறிந்தார்கள். அந்தக் கசப்பை வீட்டுக்குள் வைத்து வளர்த்த பெரியவர்கள் உண்டு. ஆனால் எனக்குப் பிரசவ வலி வந்த ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள். பெண்களைத் தாயி என்றும் பெரியவர்களைக் காகா என்றும் கூப்பிடு. காய்கறிக்காரியிடம் விலையை அவள் பாஷையில் கேள். ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும்.

தண்ணீர் விஷயம் உனக்குப் புதிதாக இருக்கும். இங்கே நாலாபுறமும் கடல், குடிக்கிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது. விஹார் ஏரி 1860இல் கட்டியது. அதுவும் துளசி ஏரியும் மட்டும் ஊருக்குள் காட்டில் இருக்கின்றன. தான்சா, பாத்சா, வைதரணா எல்லாம் ஊரைத் தாண்டி வெகு தொலைவு. அதனால் ஜூன், ஜூலையில் எந்த ஏரி எவ்வளவு நிரம்பியது என்று பேப்பரில் தினமும் போடுவார்கள், வீட்டுக்கு வீடு அதைப் படிப்பார்கள். நம் வீட்டில் குழாய் வருவது காலையில் கொஞ்ச நேரம்தான். எழுந்து பிடித்து வைப்பதில் நீயும் ஒரு கை கொடு.

மே கடைசியில் வருகிறாய், ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கிவிடும். 2005 ஜூலை 26இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி, மித்தி ஆறு தாராவிக்கும் குர்லாவுக்கும் உள்ளே வந்தது. கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் இன்றும் பெருமழைக்குத் தண்ணீர் நிற்கும். ரயில் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால் ஆபீஸிலேயே இரு, தண்டவாளத்தில் இறங்கி நடக்காதே, போன் மட்டும் பண்ணு. பையில் பிஸ்கட்டும் மாற்றுச் செருப்பும் எப்போதும் இருக்கட்டும்.

மூட்டை முடிச்சு அதிகம் வேண்டாம். அரிசி, பருப்பு, அப்பளம் எல்லாம் மதினி கட்டிக் கொடுப்பாள். மாட்டுங்காவில் கிடைக்கும் என்று சொல்லித் தடுத்துவிடு. கருப்பட்டி மட்டும் இரண்டு கிலோ, நம் ஊர்க் கடையில் பார்த்து வாங்கி வா. நாகர்கோவில் வண்டி கல்யாண் தாண்டியதும் மாமாவுக்குப் போன் பண்ணு. சி.எஸ்.எம்.டி. வரை போகாமல் தாதரில் இறங்கு. பெட்டியை யார் கையிலும் கொடுக்காமல், இறங்கிய இடத்திலேயே நில். உன் கோச் நம்பரை முதல் நாளே மாமாவுக்கு அனுப்பிவிடு, பிளாட்பாரத்துக்கே வந்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அத்தை,
செம்பூர்.