எழுதாத எக்ஸ்ட்ராவுக்குக் காசில்லையா?

"சதுர அடிக்கு ரேட் பேசியாச்சு. எழுதிக் கொடுக்காத எக்ஸ்ட்ரா வேலைக்கு ஒரு பைசா தர வேண்டாம், சட்டமே அப்படித்தான்." வீடு கட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சுதான். எந்தச் சட்டம் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. மச்சினன் சொன்னானாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1,000 சதுர அடி வீடு, பேஸ்மென்ட் 2 அடி என்று பேச்சு. வேலை தொடங்கிய பிறகு, ரோடு உயர்ந்துகொண்டே போகிறதே என்று பயந்து 3 அடியாக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். வீட்டின் பரப்பு அதே 1,000தான். ஆனால் உள்ளே நிரப்ப மட்டும் ஏறக்குறைய 1,000 கன அடி, அதாவது 10 யூனிட் கிராவல் கூடுதலாக இறங்க வேண்டும். எல்லாச் சுவருக்கும் அடியில் இன்னும் ஓரடிக் கட்டு வேலை, வெளிப்பூச்சு, வாசலில் இரண்டு படி. 2 அடிக்கென்று பேசிய ரேட்டில் இதெல்லாம் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது?

இனி சட்டம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி ஒரு வேலையைச் செய்து, அதன் பயனை இன்னொருவர் அனுபவித்தால், அவர் ஈடு கொடுத்தாக வேண்டும். இன்றைய மேற்கு வங்கத்தின் ஆராம்பாக்கில் 1944இல் அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் காவலர் அறை, சமையலறை, சேமிப்புக் கொட்டகைகள் எல்லாம் கட்டிக் கொடுத்தது. அவற்றைப் பயன்படுத்திய அரசு, முறையான ஒப்பந்தமே இல்லையே என்று கையை விரித்தது. 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிரிவு 70ஐக் காட்டி, பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்றது. அரசாங்கத்துக்கே கிடைக்காத சலுகை உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்?

ஒன்று உண்டு. 'எழுத்து உத்தரவு இல்லாமல் எக்ஸ்ட்ரா இல்லை' என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால் அந்த ஷரத்துக்கு எடை அதிகம். கான்ட்ராக்டரின் பாடு திண்டாட்டம்தான். ஆனால் ஒரு முத்திரைத்தாளில் நாலு வரி எழுதிக்கொண்டவர்களில் எத்தனை பேரிடம் அந்த ஷரத்து இருக்கிறது?

கான்ட்ராக்டர்களும் குதிக்க வேண்டாம். கேட்காமலே கிரானைட்டை மாற்றிவிட்டு, கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் துண்டுச்சீட்டில் 'எக்ஸ்ட்ரா 3 லட்சம்' என்று நீட்டுவது பில் அல்ல, மிரட்டல்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் சொன்னது செல்லாதாம். செல்லும், மின்னணு வழியில் ஏற்பட்டது என்பதற்காக மட்டும் ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 10ஏ. கோர்ட்டுக்குப் போனால் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும், ஆகவே அழித்துவிடாதீர்கள். மேஸ்திரியிடம் சொன்னால் போதும் என்பது சோம்பேறித்தனம். ரேட் பேச அவருக்கு அதிகாரம் உண்டா என்பதே தெரியாது. ஒரு சுவரை வேண்டாம் என்றால் அதன் காசு முழுதும் மிச்சம் என்பதும் தப்பு. அந்த இடத்தில் பீம் வந்தால் செலவு கூடவும் செய்யும். வேலையைக் கூட்டிவிட்டு அதே தேதியில் சாவி கேட்பவர்களை என்ன சொல்ல!

சைட்டில் ஒரு நோட்டு கிடக்கட்டும். மாற்றம் என்ன, அளவு, ரேட், எத்தனை நாள் கூடும், இரண்டு கையெழுத்து. கான்கிரீட் போடுவதற்கு முன் எழுத வேண்டும், போட்ட பிறகு அல்ல.

என்னைக் கேட்டால் இந்தச் சதுர அடி ரேட்டையே ஒழிக்க வேண்டும். தோண்டுவது எத்தனை கன அடி, கம்பி எத்தனை கிலோ, பூச்சு எத்தனை சதுர அடி, ஒவ்வொன்றுக்கும் ரேட் என்ன என்று அயிட்டம்வாரியாக எஸ்டிமேட் இருந்தால், மாற்றம் வரும்போது பெருக்கிப் பார்த்தால் போதும், சண்டைக்கு இடமேது? அரசு வேலைகளில் அயிட்டம் ரேட் பழைய வழக்கம். உங்கள் இன்ஜினீயரிடம் கேளுங்கள். போட்டுத் தர மாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.