அம்பாசிடரில் ‘டிக் டிக்’: டேப்பெட்டைத் தொடும் முன்னும் பின்னும்

பழைய அம்பாசிடரில் ‘டிக் டிக்’ என்று கேட்டால், டேப்பெட் கவரைத் திறந்து வால்வு இடைவெளியைக் குறைத்துச் சத்தத்தை அமுக்கிவிடுகிறவர்கள் உண்டு. வண்டி அமைதியாகிவிடும், எக்ஸாஸ்ட் வால்வு கருகத் தொடங்கும். வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பது சீட்டில் உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். இடைவெளி போதாவிட்டால் அது சரியாக உட்காராது. லேசாகச் சத்தம் போடும் டேப்பெட்டைவிட, சத்தமே போடாத டேப்பெட்தான் ஆபத்து.

இங்கே சொல்லும் முறை 1489 சிசி பி.எம்.சி. பெட்ரோல் இன்ஜினுக்கானது. பிற்காலத்தில் வந்த இசுஸு இன்ஜினின் அளவும் அமைப்பும் வேறு.

தேவையானவை: ஃபீலர் கேஜ், லாக்நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர், பட்டை ஸ்க்ரூடிரைவர், பிளக் ஸ்பானர், புதிய டேப்பெட் கவர் பேக்கிங், பழந்துணி.

1. ஆயிலைப் பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்புங்கள். தண்ணீராக இளகியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். சத்தம் அதிலேயே அடங்கிவிடவும் கூடும். ஆயில் பிரஷர் குறைவாகக் காட்டினால் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

2. சத்தம் எப்போது வருகிறது?

- நின்ற வண்டியில் கேட்காமல், ஓடும்போது மட்டும் சக்கர வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது இன்ஜினே அல்ல. டயரில் சிக்கிய கல்லையும் வீல் கப்பையும் பாருங்கள்.
- காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடேறியதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங் மேல் சந்தேகப்படுங்கள். இரும்பு சூட்டில் விரிந்து கசிவை அடைத்துவிடும். பேக்கிங் ஓரத்தில் கரி படிந்திருந்தால் அதுதான். இன்ஜின் ஆறியபின் நட்டுகளை இறுக்குங்கள். நிற்காவிட்டால் பேக்கிங்கை மாற்றுங்கள்.
- இருட்டில் பானெட்டைத் திறந்து பாருங்கள். பிளக் வயரில் நீலப் பொறி தெரிந்தால் கரண்ட் கசிகிறது. வயரை மாற்றினால் போதும்.
- ஏற்றத்தில் மட்டும் ‘டொக் டொக்’ என்று கனமாக அடித்தால் அது பேரிங் சத்தமாக இருக்கலாம். வண்டியை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

3. இடத்தைக் கண்டுபிடியுங்கள்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டேப்பெட் கவரில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் பிடித்துக் கேளுங்கள். பிறகு இன்ஜின் பக்கவாட்டிலும் கீழேயும் வைத்துப் பாருங்கள். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், துண்டு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் அருகில் வேண்டாம்.

கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 800 சுற்று ஐடிலிங்கில் ஒரு வால்வு 400 முறைதான் திறக்கும். அதனால் டேப்பெட் சத்தம் இன்ஜின் வேகத்தைவிட நிதானமாக, சீராகக் கேட்கும்.

4. கவரைத் திறந்து பாருங்கள்

கவரைக் கழற்றி, ஐடிலிங்கில் சிறிது நேரம் மட்டும் ஓடவிடுங்கள். வால்வுகளை அமுக்கும் ராக்கர்களில் ஆயில் கசிந்து வர வேண்டும். வறண்டு கிடந்தால் ராக்கர் ஷாஃப்ட்டுக்கு ஏறும் ஆயில் வழி அடைத்திருக்கிறது. முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். ஆயில் வந்தால், ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஃபீலர் பிளேடைச் செருகுங்கள். எந்த இடத்தில் சத்தம் அடங்குகிறதோ அந்த இடத்தில்தான் குறை.

5. இடைவெளியைச் சரிசெய்யுங்கள்

இந்த இன்ஜினுக்கு இடைவெளி 15 தௌ, அதாவது சுமார் 0.38 மி.மீ. இன்ஜின் சூடாக இருக்கையில் வைப்பதா, ஆறியபின் வைப்பதா என்பதை உங்கள் வண்டி மேனுவல்படி முடிவு செய்து, எட்டு வால்வுகளையும் ஒரே நிலையில் வையுங்கள்.

இன்ஜினை அணைத்து, நான்கு பிளக்கையும் கழற்றிவிடுங்கள், இன்ஜினைச் சுற்றுவது எளிதாகும். ஹேண்டில் இருந்தால் கியரை நியூட்ரலில் வைத்துச் சுற்றுங்கள். இல்லையென்றால் டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளுங்கள்.

எந்த வால்வை எப்போது சரிசெய்வது என்பதற்கு ‘ஒன்பது’ கணக்கு இருக்கிறது. முழுதாக அமுங்கித் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9-இலிருந்து கழித்தால், சரிசெய்ய வேண்டிய வால்வு கிடைக்கும்.

- 8 திறந்திருக்கையில் 1. 1 திறந்திருக்கையில் 8
- 6 திறந்திருக்கையில் 3. 3 திறந்திருக்கையில் 6
- 4 திறந்திருக்கையில் 5. 5 திறந்திருக்கையில் 4
- 7 திறந்திருக்கையில் 2. 2 திறந்திருக்கையில் 7

ரேடியேட்டர் பக்கமிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் கணக்கு மாறாது. லாக்நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருகி, பிளேடு லேசான பிடிப்போடு நகரும்படி வையுங்கள். ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டே லாக்நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது இடைவெளி மாறிவிடும். அதனால் மறுபடி அளந்தே தீர வேண்டும்.

6. அளவு சரி, சத்தம் நிற்கவில்லையா?

ராக்கர் நுனியைப் பாருங்கள். வால்வு தட்டித் தட்டி அங்கே குழி விழுந்திருந்தால், தட்டையான பிளேடு குழியின் மேலாகவே போய்வரும். அடியில் இருக்கும் கூடுதல் இடைவெளி கணக்கில் வராது. ஃபீலர் சரி என்று சொல்லும், காது இல்லை என்று சொல்லும். இப்படிப்பட்ட ராக்கரில் ஸ்க்ரூவை இன்னும் இறுக்கிச் சத்தத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள். ராக்கரைத்தான் மாற்ற வேண்டும்.

ராக்கரைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ்ஷோ ஷாஃப்ட்டோ தேய்ந்திருக்கிறது. புஷ் ராடைக் கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். ஒரே வால்வின் இடைவெளி அடிக்கடி கூடிக்கொண்டே போனால், கேம் ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் தேய்கின்றன. அது பெரிய வேலை.

7. மூடும்போது

புதிய பேக்கிங் போட்டு, கவர் நட்டுகளை அளவோடு இறுக்குங்கள். அளவு மீறினால் கவர் வளைந்து ஆயில் ஒழுகும். பிளக்குகளை மாட்டி, வயர்களை 1-3-4-2 வரிசைப்படி இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சீரான, மெல்லிய சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. அது இந்த இன்ஜினின் இயல்பு. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இடைவெளியை ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். அடுத்த முறை எந்த வால்வு மாறியிருக்கிறது என்பதைக் கவரைத் திறந்ததும் அந்தக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.