படிவத்தில் தடுக்கி விழும் வாடிக்கையாளர்

கடையைத் திறந்து வைத்தால் மட்டும் வியாபாரம் நடந்துவிடாது. வருகிறவர் உள்ளே நுழைய வழியும் இருக்க வேண்டும். இன்று நம்மவர்களில் பலர் இணையத்தளம் மூலமும் ஓடர் எடுக்கிறார்கள். படங்களுக்கும் நிறங்களுக்கும் பெருந்தொகை செலவழிக்கும் இவர்கள், பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் கேட்கும் படிவத்தைக் கவனிப்பதில்லை. பொருளைத் தெரிவு செய்த வாடிக்கையாளர் திரும்பிப் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இரத்மலானை என்றதும் விமான நிலையமும் தொழிற்சாலைகளும்தான் பலருக்கு ஞாபகம் வரும். 1912ஆம் ஆண்டு மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி ஆரம்பித்த செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலையும் இங்கேதான் இருக்கிறது. இப்படியான பாடசாலைகளில் படித்து வெளியேறியவர்களும் உழைக்கிறார்கள், பொருள் வாங்குகிறார்கள். அவர்களும் நம் வாடிக்கையாளர்களே.

பார்வையற்றவர் கணினியை எப்படிப் பாவிக்கிறார்? திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. அவற்றில் ஒன்றான என்.வி.டி.ஏ.யை அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் உருவாக்கத் தொடங்கினார். அது இன்றும் இலவசம். ஆனால், படிவத்தின் பெட்டிக்குப் பெயர் கட்டப்படாவிட்டால் "எழுதும் பெட்டி" என்று மட்டும்தான் அது சொல்லும். எதை எழுதுவது? பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும். கடன் அட்டை இலக்கத்தையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். தன் காசைத் தானே செலவழிக்கும் உரிமை அங்கே போய்விடுகிறது.

ஆகவே, இணையத்தளம் செய்து தருபவரிடம் பின்வருவனவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

1. ஒவ்வொரு பெட்டிக்கும் 'லேபல்' வேண்டும். லேபலின் 'ஃபோர்' என்ற இடத்திலும் பெட்டியின் 'ஐடி' என்ற இடத்திலும் ஒரே சொல் இருந்தால்தான் இரண்டும் இணையும். பெட்டிக்குள் மங்கலாக எழுதி வைப்பது போதாது. எழுதத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். வயதானவர்கள் என்ன கேட்டார்கள் என்பதையே மறந்துவிடுவார்கள்.

2. 'ஆட்டோகம்ப்ளீட்' குறிப்பு வேண்டும். இது பெயர், இது தொலைபேசி, இது தபால் குறியீடு என்று அந்தந்தப் பெட்டியில் குறித்துவிட்டால், வாடிக்கையாளரின் பிரவுசர் தான் சேமித்து வைத்த விபரத்தைத் தானே நிரப்பும். கை நடுங்குபவருக்கும், சிறிய போனில் எழுதுபவருக்கும், எழுத்துக் கூட்ட சிரமப்படுபவருக்கும் இது பேருதவி. 2018இல் வெளியான சர்வதேச இணைய அணுகல் நெறிமுறையின் 2.1ஆம் பதிப்பு இதை ஒரு நிபந்தனையாகவே சேர்த்திருக்கிறது.

3. பெயருக்கு ஒரே பெட்டி போதும். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று பிரிப்பது மேல்நாட்டு வழக்கம். நம்மவர்களுக்கு முன்னால் மூன்று, நான்கு இனிஷியல்கள் இருக்கும், குடும்பப் பெயர் இராது. புள்ளி வைத்தால் "பிழை" என்று சொல்லும் படிவம் நமக்கு உதவாது.

4. இலக்கத்தை எப்படி எழுதினாலும் ஏற்க வேண்டும். 077 என்றும் எழுதுவார்கள், +94 77 என்றும் எழுதுவார்கள், இடைவெளியும் விடுவார்கள். அதைச் சீராக்குவது கணினியின் வேலை. அடையாள அட்டையிலும் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழையது, 12 இலக்கப் புதியது என இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஏற்க வேண்டும்.

5. பிழையைச் சொல்லால் காட்டுங்கள். பெட்டியைச் சிவப்பாக்கினால் மட்டும் பார்வையற்றவருக்கும் நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் விளங்காது. "தபால் குறியீட்டில் ஐந்து இலக்கங்கள் வேண்டும், இரத்மலானைக்கு 10390" என்று எழுதுங்கள். ஏற்கனவே நிரப்பியதை அழித்துவிடவும் கூடாது.

6. தேவையானதை மட்டும் கேளுங்கள். ஒரு சோடிச் செருப்பு அனுப்ப அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் எதற்கு? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்தும் அதுவே. பெட்டிகள் குறையக் குறைய முடிப்பவர்கள் கூடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. தானாக நிரப்பும் வசதி சொந்தக் கருவிக்கு உரியது. கடையின் பொதுக் கணினியிலோ கொமியுனிகேஷன் நிலையத்திலோ அட்டை இலக்கத்தைச் சேமிக்க வேண்டாம்.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. சாதாரணப் படிவமாயின் ஒரு நாள் வேலைதான். முடிந்த பின் நீங்களே பரீட்சித்துப் பாருங்கள். மவுஸைத் தொடாமல் 'டெப்' விசையால் மட்டும் ஓர் ஓடரை முடிக்க முடிகிறதா? அன்ட்ரோயிட் போனில் 'டோக்பேக்' வசதியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் கடையிலேயே ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். எந்தப் பெட்டியில் தடுமாறுகிறீர்களோ, அதை முதலில் திருத்தச் சொல்லுங்கள்.